கிணற்றுக்குள் ஒரு மலைப்பூ

பங்குனி மாதம். காலை ஒன்பது மணி இருக்கும். கிணற்றுக்கட்டில் வயிற்றை அழுத்திக் குனிந்துகொண்டு கயிற்றை மெல்ல மேலே இழுத்தேன். கயிற்றின் நுனியில் வாளி இல்லை. ஒரு மண்சட்டி இருந்தது. சட்டிக்குள் ஒரு செடி. செடியின் உச்சியில் முதல் நாள் மாலை வரை இறுக மூடியிருந்த மொட்டு.

இன்று அது மூடியிருக்கவில்லை.

"பூத்திட்டுது!" என்று கத்தினேன். அந்தச் சத்தம் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும் என்று அம்மா பிறகு சொன்னார்.

அம்மா அகப்பையோடு ஓடிவந்தார். ஐயா, என் தகப்பனார், புகையிலைத் தோட்டத்திலிருந்து மண்வெட்டியைத் தோளில் போட்டபடி வந்தார். வாசல் படலையடியில் மீன்பெட்டி கட்டிய சைக்கிளைச் சாத்திவிட்டு யோசேப்பண்ணையும் வந்து சேர்ந்தார். அவர் மீன்காரர். அன்று மீன் விற்பதற்கு முன்னரே பூப் பார்க்க வந்துவிட்டார்.

வெள்ளை இதழ்கள். நடுவில் ஊதா நிறம். ஐந்து மாதம் நான் கண்ணை மூடும்போதெல்லாம் கண்ட அதே இரண்டு நிறங்கள்.

"மாதாவே, பூத்தேவிட்டுது!" என்றார் யோசேப்பண்ணை. அம்மா என் தலையைத் தடவினார். ஐயா மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவர் பொதுவாகவே அதிகம் பேசமாட்டார் என்பதால் நான் அதைக் கவனிக்கவில்லை.

பதினொரு மணிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து என் மேற்பார்வை ஆசிரியர் ஸ்கூட்டரில் வரவிருந்தார். மொட்டு விட்ட அன்றே அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். "வந்து பாருங்கோ சேர், நான் சொன்னது நடந்திட்டுது" என்று.

ஏன் அப்படிச் சொல்லி அனுப்பினேன் என்பதைச் சொல்ல, மலைக்குப் போய்விட்டுத்தான் திரும்பி வரவேண்டும்.

காற்றுக்குத் தலையாட்டும் பூ

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் விடுதியிலிருந்து கைப்பையோடு வெளியேறி, அகதி முகாமில் கிடந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய கதையைப் போன வாரம் எழுதிவிட்டேன். அந்தக் கைப்பைக்குள் என்ன இருந்தது என்பதை எழுதவில்லை. ஒரு சீப்பு, மாற்றுச் சட்டை ஒன்று, அடையாள அட்டை, ஒரு சிறிய காகித உறை. உறைக்குள் விதைகள்.

நான் மலைநாட்டில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடம். பட்டத்துக்கு ஓர் ஆய்வறிக்கை எழுத வேண்டும். நான் எடுத்துக்கொண்டது அனிமோன் என்ற காட்டுப்பூவை. நுவரெலியாவுக்கு அப்பால், மேகம் தரையில் உட்காருகிற புல்வெளிகளில் அது தானாகப் பூக்கும். யாரும் விதைப்பதில்லை, யாரும் பறிப்பதுமில்லை.

அதற்குத் தமிழில் பெயர் கிடையாது. நான் என் குறிப்புப் புத்தகத்தில் காற்றுப்பூ என்று எழுதி வைத்திருந்தேன். நீண்ட மெல்லிய காம்பு. அதன் மேலே ஒற்றைப் பூ. காற்று இல்லாத நேரத்திலும் அது தலையாட்டிக்கொண்டே இருக்கும். இதழின் உள்பக்கம் வெள்ளை, வெளிப்பக்கம் லேசான நீலம். நடுவிலே ஊதாக் கேசரங்கள் கூட்டமாக நிற்கும்.

எங்கே பூக்கும் என்பதில் அது மகா பிடிவாதம். ஓடை ஓரத்து ஈர மண் வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. வெளிச்சம் வேண்டும், ஆனால் சூடு ஆகாது. பக்கத்தில் புல் வேண்டும், ஆனால் அந்தப் புல் அதைவிட உயரமாக வளரக்கூடாது. பத்து அடி தள்ளிப் போனால் ஒன்றும் இருக்காது. அந்தப் பத்து அடிக்குள் என்ன மாறுகிறது என்பதுதான் என் ஆய்வு.

குளிரில் மூக்கு ஒழுக, முழங்காலில் நின்று நாடாவால் அளந்து எழுதிய இரண்டு வருடக் குறிப்புகள் விடுதி அறையோடு போயின. மிஞ்சியது கடைசிப் பயணத்தில் பொறுக்கி உறையில் போட்ட விதைகள் மட்டும்தான். பையிலிருந்து எடுத்து வைக்க மறந்திருந்தேன். என் மறதியால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அது.

என்னுடைய பிடிவாதம்

எங்களைப் போல் திரும்பி வந்தவர்களை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். புதிய மேற்பார்வை ஆசிரியர் பொறுமையான மனிதர். என் கதையைக் கேட்டுவிட்டு, "தலைப்பை மாத்தும். இஞ்சை கிடைக்கிற ஒண்டை எடும்" என்றார்.

"ஏலாது சேர்."

"அந்தப் பூ இஞ்சை வராது, வதனா. இது யாழ்ப்பாணம்."

"வரப் பண்ணுவன் சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சித்திரை வரைக்கும் பாரும். அதுக்குப் பிறகு நான் ஒண்டும் செய்யேலாது. அறிக்கை இல்லாட்டில் பட்டமும் இல்லை."

எனக்கு இருபத்து நாலு வயது. என் அறையை யாரோ எரிக்கலாம், என் குறிப்புகளை யாரோ எரிக்கலாம். என் தலைப்பையும் நானே கைவிட வேண்டுமா? அதை விட்டால் அவர்கள் முழுதாக வென்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். இன்று யோசித்தால், அந்தப் பூவுக்கும் அந்தக் கலவரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்போது இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தன.

மலைக் குளிரை யாழ்ப்பாணத்தில் எங்கே தேடுவது? வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மதியத்தில் வாழையடியில் கையை வைத்தாலும் மண் சுட்டது. குளிர்ச்சியாக இருந்தது ஒரே ஓர் இடம்தான்.

எங்கள் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரே கிணறு. ஐயா கல்யாணம் செய்த வருடம் வெட்டியது. மேலே இரண்டு முழம் செம்மண், அதற்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல். வெடிவைத்து உடைத்தார்களாம். முதல் ஊற்று வந்த அன்று ஐயா வேட்டியோடு உள்ளே குதித்ததாக அம்மா சொல்வார். ஐயா மறுப்பார். அந்தக் கல்லின் வெடிப்புகளில் வருடம் முழுக்க ஈரம் கசியும். கோடையிலும் உள்ளே எட்டிப் பார்த்தால் முகத்தில் குளிர் அடிக்கும்.

சட்டியைக் கிணற்றுக்குள் தொங்கவிடுவது என்று முடிவெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஐஸ்

ஆனால் அதற்கு முன் இன்னொரு வேலை இருந்தது. குளிர்நாட்டு விதைகள் பல, ஒரு குளிர்காலத்தைக் கண்டால்தான் கண் விழிக்கும். இரண்டு மாதமாவது குளிருக்குள் கிடக்க வேண்டும். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை.

யோசேப்பண்ணை கொழும்புத்துறையிலிருந்து மீன் கொண்டு வருபவர். நாற்பது வயதிருக்கும். கறுத்த, உயர்ந்த மனிதர். பெட்டிக்குள் மீனுக்கு மேலே ஐஸ்கட்டி உடைத்துப் போட்டிருப்பார். ஒரு நாள் மீனை விட்டுவிட்டு அந்த ஐஸில் கொஞ்சம் கேட்டேன்.

"சர்பத்துக்கே பிள்ளை?"

"இல்லை அண்ணை. விதைக்கு."

விளக்கிச் சொன்னேன். ஈர மணலோடு விதையைச் சின்னப் போத்தலில் போட்டு, போத்தலைத் தகரப் பேணிக்குள் வைத்து, சுற்றிவர ஐஸ் போட்டு, பேணியை உமி நிரப்பிய பெட்டிக்குள் புதைக்க வேண்டும். அவர் முழுக்கக் கேட்டார். நான் முடித்த பிறகு, "அப்ப உந்த விதை தான் மலையிலை கிடக்கிறன் எண்டு நினைச்சு நித்திரை கொள்ளும். அதுதானே?" என்றார்.

அதைவிட நன்றாக என் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஐஸ் வந்தது. ஓலையில் சுற்றி, சாக்குத்துண்டில் பொதிந்து, மீன் மணம் படாமல் தனியாகக் கொண்டு வருவார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீனோ இறைச்சியோ, எந்த மச்சமும் இல்லை. அவருக்கும் அது தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளிலும் வந்தார். ஐஸை மட்டும் தந்துவிட்டுப் போனார்.

இதனால் அயலில் எங்கள் பெயர் கெட்டது. வெள்ளிக்கிழமையும் மீன் வாங்குகிற வீடு என்று கோயிலடியில் கதைத்தார்கள். அம்மா துடித்துப் போனார்.

"ஆரும் கேட்டா ஐஸ் எண்டு சொல்லுங்கோவன், அம்மா."

"ஐஸ் என்னத்துக்கு எண்டு கேப்பினம். விதைக்கு எண்டு சொன்னா நம்புவினமே? மீன் எண்டே இருக்கட்டும்" என்றார் அம்மா.

கலவரம், ஊரடங்கு, கடலில் தடை என்று என்ன வந்தாலும், மீன் கிடைக்காத நாட்களில்கூட, அந்த மனிதர் அத்தனை தூரம் சைக்கிள் மிதித்து ஐஸ் கொண்டு வந்தார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "என்னெண்டு முளைக்குது எண்டு பாக்கோணும் போலை கிடக்கு" என்றார். வேறு காரணம் அவருக்குத் தேவைப்படவில்லை.

சட்டியும் வாளியும்

தை பிறந்ததும் விதைத்தேன். ஆற்றுமணலை வேறு விதை முளைக்காதபடி வறுத்து, ஆறவைத்து, சட்டியில் நிரப்பினேன். சட்டியைக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் ஓர் ஆள் ஆழத்துக்கு இறக்கினேன். விடியவும் பின்னேரமும் மேலே இழுத்து வெளிச்சம் காட்டுவேன். வெயில் ஏறினால் சட்டியைச் சுற்றி யோசேப்பண்ணையின் ஐஸை வைத்து உள்ளே இறக்குவேன்.

அம்மா தண்ணீர் அள்ளும்போது வாளி சட்டியில் இடிக்கும். இருவருக்கும் சண்டை வரும். "கிணறு குளிக்கிறதுக்கோ, பூ வளர்க்கிறதுக்கோ?" என்று அவர் கேட்பார். ஐயா ஒரு பூவரசம் தடியை வெட்டி வந்து, சட்டி ஒரு பக்கமாகத் தொங்கும்படி கிணற்றுக்கட்டில் பொருத்தித் தந்தார்.

மூன்று கிழமை ஒன்றும் வரவில்லை. மணல் சும்மா கிடந்தது. நான் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழும்பிவிடுவேன். விதைக்குச் சத்துப் போதவில்லையோ என்று ஒரு பிடி மாட்டெருவைத் தூளாக்கி மேலே தூவினேன். அந்த எரு எங்கள் தோட்டத்து எருக்கும்பியிலிருந்து எடுத்தது.

எரு போட்ட பத்தாம் நாள் முளை வந்தது!

சின்ன இலை. மூன்றாகப் பிரிந்த இலை. மேலே மெல்லிய மயிர். அனிமோனுக்கும் மூன்றாகப் பிரிந்த இலை, மயிர் உண்டு. தண்டு கொஞ்சம் மெலிந்து நீண்டிருந்தது. இருட்டில் வளர்ந்தால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொன்னேன். இலையைத் தொட்டால் கையில் ஒருவித நெடி ஒட்டியது. கிணற்று ஈரத்தின் நாற்றம் என்று நினைத்தேன். பிறகு வந்த இலை ஐந்தாகப் பிரிந்தது. மண் மாறினால் இலையும் மாறும் என்று எழுதி வைத்தேன்.

நான் இரண்டு வருடம் அந்தப் பூவோடு முழங்காலில் நின்றவள். முதல் வருட மாணவி கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வியையும் நான் கேட்கவில்லை. கேட்க விரும்பவில்லை.

நாலு இதழ்

மறுபடியும் அந்தப் பங்குனிக் காலைக்கு வருகிறேன். சட்டியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு நாங்கள் நால்வரும் சுற்றி நின்றோம்.

யோசேப்பண்ணை குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் அப்படியே இருந்தது. அதோடுதான் சொன்னார்: "பிள்ளை, உது எங்கடை சேமக்காலை மதிலோரத்திலையும் நிக்குது. நான் கண்டிருக்கிறன்."

அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில் என் மலைப்பூவா? எனக்குச் சுர்ரென்று ஏறியது. "விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. இது மேகத்துக்குள்ளை பூக்கிற பூ. உங்கடை சேமக்காலையிலை என்னெண்டு நிக்கும்?"

அவர் இரண்டடி பின்னுக்குப் போனார்.

அவருக்கு நிரூபிப்பதற்காகவே இதழ்களை எண்ணினேன். அனிமோனுக்கு ஐந்து, ஆறு, ஏழு கூட வரும். இதில் நாலு. மறுபடியும் எண்ணினேன். நாலு. கேசரங்கள் கூட்டமாக நிற்க வேண்டும். இதில் நீட்டி நிமிர்ந்து ஆறே ஆறு நின்றன. இலையைக் கிள்ளி நசுக்கி மூக்கில் வைத்தேன்.

கிணற்று நாற்றம் இல்லை. வேளை. எங்கள் புகையிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு வாரமும் பிடுங்கி வரம்பில் எறிகிற வேளைச்செடி.

ஐந்து மாதம் ஐஸும் கிணறும் கொடுத்து நான் ஒரு களையை வளர்த்திருந்தேன். மலையின் விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. எருவோடு வந்தது முளைத்திருந்தது.

ஐயாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, உங்களுக்குத் தெரியுமே?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"ரண்டு இலை விட்ட அண்டையிலை இருந்து."

"பேந்து ஏன் சொல்லேல்லை?"

அவர் மண்வெட்டியை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினார். "அண்டைக்குத்தான் பிள்ளை, நீ ரண்டாந்தரமும் சோறு போடச் சொல்லிக் கேட்டனி."

நான் அழுதேன். கலவரத்தில் அழவில்லை, கப்பலில் அழவில்லை. அன்று கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து நிமிர்ந்தபோது யோசேப்பண்ணையையும் சைக்கிளையும் காணவில்லை. கிணற்றுக்கட்டில் ஓலையில் சுற்றிய அன்றைய ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

சேர் வந்தார்

பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே ஸ்கூட்டர் வந்தது.

செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, செத்துப்போனது என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அம்மா அப்படித்தான் சொல்லச் சொன்னார். ஆனால் சட்டியைத் தூக்கிக்கொண்டு படலைக்கே போனேன்.

"சேர், இது வேளை."

அவர் சட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். போகும்போது, "மூண்டு கிழமை தாறன். புதுத் தலைப்போடை வாரும். வராட்டில் அடுத்த வருசம் பாப்பம்" என்றார். அடுத்த வருடம் யாழ்ப்பாணத்தில் யாருக்கு நிச்சயம்? இருவருக்கும் அது தெரியும்.

மத்தியானம் அம்மா சட்டிச் செடியோடு தோட்டத்து வேளையும் ஆய்ந்து, தேங்காய்ப்பூ போட்டு வறை வறுத்தார். "எறிஞ்சு என்ன பிரயோசனம்?" என்றார். கொஞ்சம் கைத்தது. சாப்பிட்டேன்.

மதிலோரம்

மறுநாள் யோசேப்பண்ணை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொழும்புத்துறைக்குப் போனேன். ஐஸ் கேட்கப் போகவில்லை, மன்னிப்புக் கேட்கப் போனேன்.

அவர் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"அண்ணை, நீங்கள் சொன்னது சரி. நான் கத்தினது பிழை."

"அட, அதுக்கே உவ்வளவு தூரம் வந்தனீ?" என்று சிரித்தார். "எனக்குக் கோவமில்லை பிள்ளை. உன்ரை பூவைப் பழிச்சுப்போட்டன் எண்டு எனக்குத்தான் வெக்கம். அதாலைதான் உந்தப் பக்கம் வரேல்லை."

பிறகு தயங்கிக் கேட்டார்: "சேமக்காலையிலை நிக்கிறதைப் பாக்கிறியே?"

பார்க்க ஆசையில்லை. அவருக்காகப் போனேன்.

கடல்நீரேரிக் காற்று நேரே அடிக்கிற மதில். கீழே உப்புப் பூத்த மணல். அதில் வேளை நின்றது. ஒரு சாண் உயரம்தான். இலை சின்னதாக, தடிப்பாக இருந்தது. பூ மட்டும் பெரிது. எங்கள் தோட்டத்து வேளை இடுப்பளவு வளரும், இலை அகலம். என் கிணற்று வேளை நூல் போல் நீண்டு, ஒரு பூவுக்கே மூச்சு வாங்கியது. ஒரே செடி. மூன்று இடம். மூன்று உருவம்.

நான் அந்த மணலில் முழங்காலில் நின்றேன். பையில் கிடந்த, சட்டிச் செடியை அளக்கிற நாடாவை எடுத்தேன். மலையிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக ஒரு கேள்வி எனக்குள் தானாக எழுந்தது. இது ஏன் இங்கே இப்படி?

"என்ன பிள்ளை?" என்றார் யோசேப்பண்ணை.

"நாடாவின்ரை மற்ற நுனியைப் பிடியுங்கோ அண்ணை" என்றேன்.

மூன்று கிழமை முடியவில்லை. ஆறாம் நாளே சேரிடம் தலைப்போடு போனேன். யாழ்ப்பாணத்தில் தானாக வளரும் பூச்செடிகளும் அவை நிற்கும் இடங்களும். அவர் வாசித்துவிட்டு, "ஒரு முழுப் பருவம் வேணும்" என்றார். "அந்த ஒரு வருசத்தையும் கேட்டு வாங்கித் தாறன். ஆனால் ஒருத்தரும் கை வைக்காத ஒரு துண்டு தோட்ட நிலம் வேணும். பிடுங்காமல், கொத்தாமல். கிடைக்குமே?"

ஒரு பாத்தி

புகையிலைக்காரரிடம் போய்ப் புல்லுப் பிடுங்காமல் ஒரு பாத்தி விடுங்கள் என்று கேட்பது எப்படி என்று, புகையிலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஐயா விடிய எழும்பி, முதுகை வளைத்து, நாளெல்லாம் பிடுங்குவது அதைத்தான்.

கேட்டேன். ஐயா வெற்றிலையை மென்று முடித்தார்.

"எவ்வளவு காலத்துக்கு?"

"கன்று நடுறதிலையிருந்து வெட்டுற வரைக்கும்."

"பக்கத்துப் பாத்திப் போயிலை நோஞ்சானாய்ப் போகுமே."

"ஓம் ஐயா."

அவர் எழுந்து தோட்டத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கடைசியில் இருந்த, கல்லுப் பிடித்த, ஒன்றுக்கும் உதவாத பாத்தியைத் தருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நடுப் பாத்தியில் குச்சி நட்டார். வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் பாத்தி அது.

"அந்தக் கல்லுக்கை புல்லும் வராது. வந்தாத்தானே நீ எழுதலாம்" என்றார்.

மாரி பெய்தது. சாறணை வந்தது, தும்பை வந்தது, குப்பைமேனி, நாயுருவி, நெருஞ்சி, முடக்கொத்தான், வேளை எல்லாம் வந்தன. ஒழுங்காக மண் அணைத்த புகையிலைக்கு நடுவே ஒரு பாத்தி மட்டும் காடாக நின்றது. போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். அடுத்த தோட்டக்காரர் வேலியால் எட்டி, "அண்ணை, உங்கடை புல்லு என்ரை தோட்டத்துக்கு விதை போடப்போகுது" என்றார்.

"வந்தா நானே வந்து பிடுங்கித் தாறன்" என்றார் ஐயா.

வந்தது. சொன்னபடி போய்ப் பிடுங்கிக் கொடுத்தார். இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்து அந்தப் பருவம் முழுக்க அவர் முதுகு வளைந்தது. பாத்தியின் இரு பக்கத்துப் புகையிலையும் அவர் சொன்னதுபோலவே நோஞ்சானாய்ப் போயிற்று. 

நான் காலையில் தோட்டம், பகலில் படிப்பு, சனிக்கிழமைகளில் கொழும்புத்துறைக் கரை என்று அலைந்தேன். யோசேப்பண்ணை நாடா பிடித்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் இருவரும் மதிலோடு மதிலாய்ப் படுத்துக்கொள்வோம். சத்தம் ஓய்ந்ததும் விட்ட இலக்கத்திலிருந்து தொடர்வோம். முப்பத்தொன்பது வகைச் செடிகளை எழுதினேன்.

பார்த்துக் கால் வையுங்கோ

அறிக்கையைப் பார்க்கத் தெற்கிலிருந்து ஒரு பரீட்சகர் வர வேண்டும். ரயில் ஒரு கிழமை ஓடும், ஒரு கிழமை நிற்கும் காலம். அவர் பஸ்ஸில், பல இடங்களில் இறங்கி ஏறி, பெட்டியைத் திறந்து காட்டிக் காட்டி, ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து வந்தார். கொழும்பில் நெடுங்காலம் வேலை பார்த்த தமிழர். சப்பாத்து, நீளக் காற்சட்டை, கையில் குடை.

பல்கலைக்கழகத்தில் இரண்டு மணித்தியாலம் கேள்வி கேட்டார். ஒன்றுக்கும் நான் தடுமாறவில்லை. யாரோ எழுதிய புத்தகத்தை ஒப்புவித்தால் தடுமாறலாம். நான் முழங்காலில் நின்று பார்த்ததைச் சொன்னேன். கடைசியில் அவர், "அந்தப் பாத்தியைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டார்.

சேரும் அவரும் பின்னேரம் வந்தார்கள். ஐயா வாய்க்கால் ஓரத்தில் வேலையாய் நின்றார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். பரீட்சகர் என் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்தபடி பாத்திக்குள் காலைத் தூக்கினார்.

"சேர், பாத்துக் கால் வையுங்கோ" என்று ஐயாவின் குரல் வந்தது. "பூ நிக்குது."

பரீட்சகரின் சப்பாத்து அந்தரத்தில் நின்றது. கீழே தும்பை, நகக்கண் அளவு வெள்ளைப் பூக்களோடு நின்றது. அவர் காலைப் பின்னுக்கு எடுத்து, சப்பாத்தைக் கழற்றி வரம்பில் வைத்தார். பிறகு நீளக் காற்சட்டையோடு மண்ணில் முழங்காலை ஊன்றிக் குனிந்தார். அரை மணித்தியாலம் எழும்பவில்லை.

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் அதற்குள் வாய்க்கால் மடையை அடைக்கப் போய்விட்டார்.

முதல் வகுப்பில் சித்தியடைந்தேன் என்ற கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மா கோயிலுக்கு ஓடினார். யோசேப்பண்ணை அன்று விற்க வைத்திருந்த பாரை மீனில் பெரிய துண்டாக வெட்டி, "இது என்ரை பங்கு" என்று வைத்துவிட்டுப் போனார். ஐயா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகினார்.

மறுநாள் விடிய நான் எழும்பியபோது தோட்டத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐயா என் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தார். பாதி ஏற்கெனவே கவிழ்ந்து, வேர்கள் மேலே கிடந்தன.

"ஐயா!"

"என்ன பிள்ளை? படிப்பு முடிஞ்சுதுதானே." கையை நிறுத்தாமலே சொன்னார். "இனி வெங்காயம் வைப்பம்."

கவிழ்ந்து கிடந்த வேர்களைப் பார்த்தேன். பிறகு சிரிப்பு வந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மற்றப் பக்கத்திலிருந்து நானும் இறங்கினேன். மண் இளகிக் கிடந்தது. கையால் பிடித்து இழுத்தாலே வந்தது. சாறணை என்றேன், பிடுங்கினேன். நாயுருவி என்றேன், பிடுங்கினேன். தும்பை. முடக்கொத்தான். குப்பைமேனி. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பிடுங்கி வரம்பில் அடுக்கினேன்.

"வாய் பாராமல் பிடுங்கு பிள்ளை, வெயில் ஏறுது" என்றார் ஐயா.